பத்துத்தூண் பக்கத்து இஞ்சி சோடா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கூட்டம் வந்துவிடும், எங்களால் போட்டுக் கொடுக்க முடியாது என்று கடைக்காரர் மனைவி கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். அவள் என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்தவள். தவிர, கீழே சில குறைகளையும் எழுதப் போகிறேன். பெயர் இல்லாமல் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. இடம் மட்டும் சொல்கிறேன். மதுரை விளக்குத்தூணில் இறங்கி, பத்துத்தூண் துணிக்கடைச் சந்துக்குள் நுழைந்து, நைட்டித் தோரணங்களுக்கு அடியில் குனிந்து நடந்தால் ஒரு திருப்பத்தில் "டப்... புஸ்ஸ்" என்று சத்தம் கேட்கும். கடைக்குப் பலகை கிடையாது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

நான் போனது தற்செயலாக. பங்குனி வெயில், மதியம் பன்னிரண்டு மணி, கையில் மூன்று பை. ஒன்றில் தலையணை உறை, ஒன்றில் அக்கா பேத்தி சடங்குக்கு எடுத்த சுங்குடி, மூன்றாவதில் இவருக்கு நாலு முழ வேட்டி. தொண்டை அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பாட்டில் வாங்கலாம் என்று திரும்பினால் அந்த "டப்". முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்று கார்பன் டை ஆக்சைடைப் பற்றிப் பேசியவளுக்கு அந்தச் சத்தத்தைத் தாண்டிப் போக மனசு வருமா?

உள்ளே எட்டிப் பார்த்தேன். பத்தடிக்கு இருபதடி இருக்கும். ஒரு மூலையில் கேஸ் சிலிண்டர், நடுவில் மெஷின், சுவர் முழுக்க அடுக்கிய கிரேட்டுகள். "டீச்சர்! நீங்க எங்க இங்கிட்டு?" என்று ஒரு குரல். பன்னிரண்டாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கரைதிறன் கணக்கு போடச் சொன்னால் வயிற்று வலி என்று வீட்டுக்குப் போன பெண். இப்போது கரைதிறனை வைத்துத்தான் பிழைக்கிறாள். சொன்னேன். "அதை ஏன் டீச்சர் இப்ப ஞாபகப்படுத்துறீங்க, மொதல்ல உக்காருங்க, என்ன கலர் சாப்பிடுறீங்க?" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் கலர் என்றால் நிறம் மட்டும் இல்லை. கேஸ் ஏற்றி இனிப்பு போட்டது எதுவானாலும் கலர்தான். சம்பந்தி வீட்டுக்காரர் வந்தால் கலர் வாங்கி வரச் சொல்லிப் பையனைத் தெருமுனைக்கு ஓட்டுவார்கள். ஆரஞ்சு, பன்னீர், காளிமார்க்கின் பொவண்டோ எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம். காளிமார்க் 1916ல் பக்கத்து விருதுநகரில் தொடங்கியது, பொவண்டோ 1958ல் வந்தது. அப்படிப் பெரிதாக வளர்ந்தவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பேட்டைக்கு ஒன்றாக இந்த மாதிரிச் சின்னச் சோடாக் கம்பெனிகள் இருந்தன. என் சின்ன வயதில் எங்கள் தெருவைச் சுற்றியே மூன்று இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை.

சரி, குடித்ததைச் சொல்கிறேன்.

முதலில் வெறும் சோடா கொடுக்கச் சொன்னேன். சோடாக் கடையைச் சோதிக்க வேண்டுமானால் அதில்தான் தொடங்க வேண்டும். இஞ்சி, எலுமிச்சை எல்லாம் குறையை மூடி மறைத்துவிடும். வெறும் சோடாவில் தண்ணீரும் கேஸும் மட்டும், ஒளிய இடமில்லை. நல்ல சோடா நாக்கின் நுனியில் ஊசி குத்தின மாதிரி இருக்கும், விழுங்கிய பிறகு ஒரு புளிப்பு நிற்கும். அந்தப் புளிப்பு, கேஸ் தண்ணீரில் கரைந்து உண்டாகும் கார்பானிக் அமிலம். இங்கே கொடுத்ததில் அது நன்றாகவே இருந்தது. பாதி குடித்துவிட்டுப் பையைச் சரிசெய்து, யார் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்று கேட்டு முடித்து மீதியைக் குடித்தேன். அப்போதும் குமிழ் வந்துகொண்டே இருந்தது.

எப்படி என்று கேட்டதற்கு அவள் வீட்டுக்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். தண்ணீரை வடிகட்டி, நன்றாகக் குளிரவைத்து, அதற்குப் பிறகுதான் கேஸ் ஏற்றுகிறார். இதில்தான் பல கடைகள் கோட்டை விடுகின்றன. சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்யம் டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 3.3 கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது 1.7 கிராமாகிவிடும், ஏறக்குறைய பாதி. மதுரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 20 டிகிரியிலா இருக்கும்? வெதுவெதுத் தண்ணீரில் எவ்வளவு அழுத்திக் கேஸ் ஏற்றினாலும் கோலியை உள்ளே தள்ளிய மறு நொடி எல்லாம் ஓடிவிடும். அழுத்தம் கூடினால் அதிகம் கரையும் என்பதை 1803ல் வில்லியம் ஹென்றி சொன்னார். அந்த விதியைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேனே ஒழிய, இப்படிக் கையில் பிடித்துக் குடித்தபடி சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு வயிறு வலித்திருக்காது.

இரண்டாவது இஞ்சி சோடா. நான் மறுபடி மறுபடி போவது இதற்காகத்தான். எசென்ஸ் இல்லை, நிஜ இஞ்சி. தோல் சீவி, இடித்துப் பிழிந்து, தெளியவைத்து, சர்க்கரைப் பாகில் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் இந்த வேலை. அன்றைக்குப் போனால் சந்து முழுக்கக் கல்யாண வீட்டு அடுக்களை மாதிரி மணக்கும், எதிர்ப்பக்க நைட்டியெல்லாம் இஞ்சி வாசனையோடுதான் விற்கும். பாட்டிலின் அடியில் மாவு மாதிரி ஒரு படிவு கிடக்கிறது. அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அதுதான் சாட்சி. முதல் வாயில் இனிப்பு, இரண்டாவதில் குமிழ், அப்புறம் ஐந்தாறு நொடி கழித்துத் தொண்டைக்குக் கீழே மெல்ல ஒரு சூடு இறங்கும். கறிதோசை சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு அலைகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஜீரணத்துக்கு எவ்வளவு உதவும் என்று ஒரு ரசாயன டீச்சராகச் சத்தியம் பண்ண மாட்டேன். ஏப்பம் வரும், அதற்கு உத்தரவாதம்.

எலுமிச்சை உப்பு சோடா கண் முன்னால் போட்டுக் கொடுக்கிறார்கள். பழம் பிழிந்து, உப்பைக் கிள்ளிப் போட்டதும் நுரை பொங்கி டம்ளருக்கு வெளியே வரும். உப்புக்கும் கேஸுக்கும் ஏதோ ரசாயன மாற்றம் நடக்கிறது என்று நினைக்கிறவர்கள் அதிகம். அதெல்லாம் இல்லை. கரைந்திருக்கிற வாயு குமிழாகத் திரள ஒரு சொரசொரப்பான இடம் வேண்டும், உப்புத் துகள் அந்த இடத்தைக் கொடுக்கிறது. ஆனால் உப்பைப் போடுகிற பையனுக்குக் கை கொஞ்சம் தாராளம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பன்னீர் சோடா எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்பை அப்படியே வாயில் கவிழ்த்த மாதிரி ஒரு வாசனை. இவர் அதைத்தான் கேட்டு வாங்கிக் குடிக்கிறார், சர்க்கரை அளவு எகிறிக்கிடந்தும். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நன்னாரி பரவாயில்லை, வேரின் அந்த மண் வாசனை தெரிகிறது, ஆனால் பாகு அதிகம். ஆரஞ்சு கலர் வேண்டவே வேண்டாம். குடித்த பிறகு நாக்கை நீட்டினால் டிராபிக் சிக்னல் மாதிரி இருக்கும்.

விலை, நான் கடைசியாகப் போனபோது வெறும் சோடா 15 ரூபாய், மற்றதெல்லாம் 20, இஞ்சி மட்டும் 25. இஞ்சி விலை ஏறினால் இதுவும் ஏறும் என்று முன்னெச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள்.

இனி பாட்டில். அதைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கோலி சோடாவை நாம் நம் ஊர்ச் சரக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் பாட்டில் லண்டன்காரர் கண்டுபிடித்தது. ஹிராம் காட் என்ற பொறியாளர் 1872ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மூடியே இல்லாமல் மூடுகிற பாட்டில். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயின் உள்விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். கேஸ் ஏற்றிய பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பினால் கோலி வாய்க்கு ஓடிவரும். உள்ளிருக்கும் அழுத்தமே அதை வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நிமிர்த்தினாலும் விழாது. சோடா எவ்வளவு வெளியே வர முட்டுகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கதவு சாத்திக்கொள்ளும். கழுத்தில் இரண்டு குழி இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. குடிக்கும்போது குழி உள்ள பக்கம் கீழே இருந்தால் கோலி அதில் தங்கி வழிவிடும். மாற்றிப் பிடித்தால் கோலி வாய்க்கு உருண்டு வந்து அடைத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காமல் அவர்கள் திணறுவதைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் காலத்துத் தாத்தாக்களின் பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் அந்தப் பாட்டில் எப்போதோ வழக்கொழிந்துபோயிற்று. ஜப்பானில் ராமுனே என்ற பெயரில் இன்னும் ஓடுகிறது, நம் ஊரிலும் ஓடுகிறது.

இந்தப் பாட்டிலின் பெருமை அவ்வளவு என்றால், சிறுமை அதைக் கழுவுவதில் இருக்கிறது. கழுத்து குறுகல், உள்ளே கோலி வேறு. பிரஷ் சரியாக நுழையாது. இங்கே சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் குலுக்கி, இரண்டு தண்ணீரில் அலசுகிறார்கள். நான் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பத்தில் ஒன்றில் கழுத்துக் குழியில் பழைய கலரின் கறை இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் முகம் கோணாமல் மாற்றிக் கொடுப்பார்கள். இருந்தாலும் அதைப் பார்க்க வேண்டியது அவர்கள் வேலை, என் வேலை இல்லை. பாட்டில் வாயைத் துடைக்கிற துண்டு இன்னொரு தலைவலி. அதே துண்டு மெஷினையும் துடைக்கிறது, நெற்றியையும் துடைக்கிறது. சொல்லியாயிற்று. அடுத்த முறை போனபோது இரண்டு துண்டு தொங்கியது, ஆனால் இரண்டும் ஒரே நிறம். எது எதற்கு என்று எப்படித் தெரியும்?

மெஷினைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் போங்கள். பாகும் தண்ணீரும் ஊற்றிய பாட்டில்களை இரும்புக் கூண்டில் படுக்கவைத்துப் பூட்டி, கேஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிறார்கள். பாட்டில் உருள உருளத் தண்ணீர் குலுங்கிக் கேஸைக் குடிக்கிறது. கடைசிச் சுற்றில் தலைகீழாக நிறுத்தினால் கோலிகள் ஒன்றாக வாயில் போய் உட்காரும் சத்தம் கேட்கும். சலங்கை மாதிரி. மோட்டார் வைக்கலாமே என்று கேட்டேன். தாத்தா வைத்த மெஷின், கையிலேயே பழகிவிட்டது, எந்தப் பாட்டில் நோஞ்சான் என்று கைக்குத் தெரியும் என்றார்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சுவரில் மெஷினுக்கு நேரே ஆள் உயரத்தில் கண்ணாடி தெறித்த தழும்புகள். நோஞ்சான் பாட்டில் கைக்குத் தெரியாமல் போன நாட்களின் கணக்கு அது. மெஷினைச் சுற்றுகிற பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. முகத்தில் ஒன்றும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. கம்பி வலை போட்ட முகமூடி சுவரில் ஆணியில் தூசி படிந்து தொங்குகிறது. "போட்டா வேர்க்குது டீச்சர்" என்றான். கண் போனால் வேர்க்கவே வேர்க்காதா என்று கேட்டேன். கடைக்காரரையும் விடவில்லை. ஒரு காலத்தில் இந்த ஊரில் தெருச் சண்டைக்கே சோடா பாட்டில்தான் ஆயுதம், அதை எடுத்துக் குலுக்கினால் கூட்டம் கலையும். அவ்வளவு அழுத்தம் உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியாதா என்று வைதேன். மூன்றாவது முறை போனபோது பையன் முகமூடியோடு இருந்தான். எனக்குச் சந்தோஷம். அப்புறம் அவளிடம் கேட்டதில், நான் சந்துத் திருப்பத்தில் வருவதைத் துணிக்கடைப் பையன் சொன்னதும் எடுத்து மாட்டிக்கொண்டானாம். ஆக, நீங்கள் போகும்போது அவன் வெறும் முகத்தோடு நின்றால் ஒரு அதட்டல் போடுங்கள். டீச்சர் அனுப்பியதாகச் சொல்லலாம்.

சரக்கு கொண்டுபோகிற மூன்று சக்கர வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெட்டியில் இரண்டு பக்கமும் பத்துத்தூண் படம் வரைந்திருக்கிறார்கள். நல்ல நீலப் பின்னணி, கீழே ஒரு கோலி சோடா, தூண்களைவிடப் பெரிதாக. எண்ணிப் பார்ப்பது என் தொழில் வியாதி. ஒன்பது தூண்கள்தான் இருந்தன. கேட்டேன். "பத்தாவது தூணு பின்னாடி மறைஞ்சிருக்கு டீச்சர்" என்றார் கடைக்காரர், கொஞ்சமும் யோசிக்காமல்.

தூணுக்கும் சோடாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திருமலை நாயக்கர் 1636ல் கட்டிய அரண்மனையின் மிச்சம் இந்தத் தூண்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். எஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராக இருந்த நேப்பியர் பழுதுபார்த்தார். அதைத்தான் நாம் டிக்கெட் வாங்கி மகால் என்று பார்க்கிறோம். இந்தப் பத்தும் அந்த வளாகத்தோடு ஒட்டாமல் துணிக்கடைகளுக்கு நடுவில் தனியாக மாட்டிக்கொண்டன. கூரை இல்லை, தாங்குவதற்கு ஒன்றும் இல்லை, நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றின் அடியில் ஒரு சோடாக் கம்பெனி வந்தது வாடகை தோதாக இருந்ததால். ஆனால் வண்டியில் படம் போட்டதிலிருந்து, நாயக்கர் காலத்துச் சோடா என்று ஒரு வெளியூர்க்காரர் வந்து போட்டோ எடுத்தாராம். கடைக்காரர் மறுக்கவில்லை.

இதே மாதிரி ஒன்றை நான் கடல் தாண்டிப் பார்த்திருக்கிறேன். மகள் பிரசவத்துக்காக ஆம்ஸ்டர்டாமில் நாலு மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை, "அத்தை, உங்களுக்குப் பிடிச்ச கேஸ் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு, வர்றீங்களா?" என்று கூட்டிப்போனார். போய் இறங்கினால் பெரிய காற்றாலை, எட்டுப் பட்டை வைத்த மரக் கட்டடம். நம் ஆண்டிபட்டிப் பக்கம் வெள்ளையாகச் சுற்றுகிற மின் காற்றாடி இல்லை, மாவு அரைத்த பழைய ஆலை. டெ ஹோயர் என்று பெயர். 1725ல் கட்டியது, இப்போது நிற்கிற இடத்துக்கு 1814ல் நகர்த்தியது, 26.6 மீட்டர் உயரம். அந்த நாட்டு மர ஆலைகளில் இதுதான் உயரம் என்கிறார்கள். அதன் காலடியில் ஒரு சின்ன பீர் கம்பெனி. பெயர் 'எய்' என்று முடியும், அது அந்த ஊர் நீர்நிலையின் பெயர். அதே உச்சரிப்பில் அவர்கள் மொழியில் முட்டைக்கும் பெயர். அதனால் அடையாளச் சின்னத்தில் ஒரு நெருப்புக்கோழி, ஒரு முட்டை, பின்னால் காற்றாலை. ஒரு பாட்டுக்காரர் 1985ல் தொடங்கியது. அதற்கு முன் அந்தக் கட்டடம் ஊர்ப் பொதுக் குளியலறையாக இருந்ததாம். வந்தவர்கள் எல்லோரும் காற்றாலையில்தான் பீர் தயாராகிறது என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆலைக்கும் பீருக்கும் சம்பந்தமில்லை, பக்கத்துப் பக்கத்துக் குடித்தனம், அவ்வளவுதான்.

குடித்தீர்களா என்று கேட்பீர்கள். கோதுமை பீர் ஒன்றில் இரண்டு வாய். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். அந்த வகைக் கோதுமை பீரில் மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவது பெல்ஜியப் பக்கத்து வழக்கம் என்று மாப்பிள்ளை சொன்னதும் எனக்கு ரச ஞாபகம் வந்துவிட்டது. லேசாகப் புளித்த மோர், அதில் எங்கோ மல்லி வாசனை. பிடித்ததா என்றால், மூன்றாவது வாய்க்குக் கை போகவில்லை. அவர்கள் முதன்முதலில் போட்ட சரக்கின் பெயர் ஸாட்டெ, 8 சதவீதம். ஸாட்டெ என்றால் போதையானவர் என்று அர்த்தமாம். பெயரிலேயே எச்சரிக்கை இருந்ததால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

எனக்குப் பிடித்தது நுரை. மாப்பிள்ளை தம்ளரில் அரை மணி நேரம் ஆகியும் அது வட்டம் வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது. சோடா நுரை கண் சிமிட்டுவதற்குள் காணாமல் போய்விடும். தானியத்தின் புரதம் குமிழைச் சுற்றித் தோல் மாதிரி கட்டிக்கொள்வதால் பீர் நுரை நிற்கிறது, வெறும் தண்ணீரில் அந்தத் தோல் இல்லை. இன்னொன்று, பீருக்குக் கேஸை ஈஸ்டே கொடுக்கிறது, சர்க்கரையைத் தின்றுவிட்டு. நம் சோடாவுக்குச் சிலிண்டர். ஆனால் சோடா பிறந்ததே பீர்த் தொட்டிக்கு மேலேதான், இதைச் சொல்லாமல் விட முடியாது. 1767ல் இங்கிலாந்தின் லீட்ஸ் ஊரில் ஜோசப் பிரீஸ்ட்லி பீர் காய்ச்சுகிற இடத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். தொட்டிக்கு மேலே மிதந்த வாயுவில் எரிகிற குச்சியைக் காட்டினால் அணைவதைப் பார்த்தார். அந்த வாயுவில் தண்ணீரை இந்தப் பாத்திரத்துக்கும் அந்தப் பாத்திரத்துக்குமாக ஆற்றினார், நாம் டீ ஆற்றுகிற மாதிரி. குடித்துப் பார்த்தால் சுருக்கென்று இருந்தது. 1772ல் எப்படிச் செய்வது என்று சின்னப் புத்தகமே போட்டார். இதை அந்தக் காற்றாலை நிழலில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்கு நடத்தினேன். பக்கத்து மேஜையில் தள்ளுவண்டிக் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு தம்பதி, மொழி தெரியாமலே கவனித்துக் கேட்டார்கள். குழந்தை, தாத்தா, நாய் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கிற இடம் அது. இங்கே 2003 இறுதியிலிருந்து சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் வசம். அங்கே பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார யாருக்குத் தோன்றும்? எங்களுக்கு அந்த இடத்தைச் சோடாக் கடைதான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கில் பார்த்தால் பத்துத்தூண் கடைக்கு நான் பெரிய குறை சொல்ல வேண்டும். உட்கார இடமில்லை. ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதற்கும் ஒரு கால் வளைந்தது. நின்று குடித்தால் பின்னால் இரு சக்கர வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். சந்தைத் தாண்டினால் தூண்களைச் சுற்றி இடம் இருக்கிறது, ஆனால் பாட்டிலைக் கடையை விட்டு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். ஒரு பாட்டில் போனால் 50 ரூபாய் நஷ்டம் என்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு வேண்டுமென்றால் பாட்டிலுக்கு 50 ரூபாய் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம், திருப்பினால் பணம் வரும். வரும் என்றுதான் சொன்னார்கள். நான் ஆறு எடுத்துப் போய் ஐந்தைத் திருப்பினேன், கையில் கொடுத்தது 200. மீதி ஐம்பது எங்கே என்றால், ஒரு பாட்டிலின் ரப்பர் வளையம் கிழிந்திருக்கிறதாம். வளையம் என்ன விலை என்று கேட்டேன். பதில் இல்லை. மாணவியின் புருஷன் என்று விட்டுவிட்டேன். ஆறாவது பாட்டிலைப் பழிக்குப் பழியாக நானே வைத்துக்கொண்டேன், இப்போது அதில் மணி பிளான்ட் வளர்கிறது.

இன்னும் ஒன்று. சுவரில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கும். பணம் போட்டுவிட்டு நிற்பீர்கள். வந்ததா என்று பார்க்க வேண்டிய போன், சரக்கு போடப் போன கடைக்காரர் பையில் செல்லூரில் இருக்கும். சில்லறை கொண்டு போங்கள்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் மாதத்திலிருந்து வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று சொன்ன சமயம் இந்தக் கடைக்கு ஒரு நல்ல காலம் வந்ததாம். இரவு பத்து மணி வரை மெஷின் சுற்றினோம் என்றாள். அப்போது இன்னொரு மெஷின் போடலாமா என்று யோசித்து, கடன் வாங்கப் பயந்து விட்டுவிட்டார்கள். பயந்ததே நல்லதாயிற்று என்கிறார் அவர். அவள் அப்படிச் சொல்லவில்லை, பாட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இப்போது நாளைக்கு இருபத்தைந்து கிரேட், கிரேட்டுக்கு 24 பாட்டில். சித்திரைத் திருவிழா நாட்களில் அதற்கு இரண்டு மடங்கு. அந்த நாட்களில் போகாதீர்கள், தண்ணீர் குளிர நேரம் இருக்காது, சோடா சப்பென்று இருக்கும். அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் நான் போய் ஏமாந்திருக்கிறேன்.

சாதாரண நாளில் காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள் போவது நல்லது. ஞாயிறு மதியத்துக்கு மேல் பூட்டிவிடுவார்கள். கரண்ட் இல்லாத நாளில் வெறும் சோடா கேட்காதீர்கள், இஞ்சி மட்டும் கேளுங்கள்.

போன வாரம் போனபோது வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நீலம் போய்ப் பச்சை, கோலி சோடா இன்னும் பெரிதாகியிருக்கிறது. கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் சுற்றி வந்து எண்ணினேன். ஒன்பது.